பனிமலைச் செடிக்கு வேண்டியது

தீபாவளியை ஒட்டிக் கேதாரநாதர் ஆலயத்தின் நடை சாத்தப்படுகிறது. உற்சவமூர்த்தி பல்லக்கில் உக்கிமடத்துக்கு எழுந்தருளுகிறார். அடுத்த ஆறு மாதமும் அங்குள்ள ஓங்காரேசுவரர் சந்நிதியிலேயே பூஜை நடைபெறும். மேலே, 3,583 மீட்டர் உயரத்தில், ஆலயமும் அதைச் சூழ்ந்த புல்வெளியும் பனிக்குள் அமிழ்ந்து கிடக்கும். சித்திரையில் நடை திறக்கும் காலத்தில் பனி மெல்ல உருகத் தொடங்குகிறது. உருகும் பனியின் ஓரத்தில், விரல் உயரம்கூட இல்லாத சிறு செடிகள் ஒவ்வொன்றாகக் கண்விழிக்கின்றன. அவை உறங்கிய ஆறு மாதத்தில் நீர் ஊற்றியவர் இல்லை, உரமிட்டவர் இல்லை, அவற்றின் மேல் இருந்த ஒரே போர்வை பனிதான்.

இத்தகைய பனிமலைச் செடிகளை வீட்டில் வைத்து வளர்க்க வேண்டும் என்ற ஆசை ஐரோப்பியரை, சிறப்பாகப் பிரிட்டனில் வாழ்பவரை, நூறாண்டுகளுக்கும் மேலாகப் பற்றிக்கொண்டிருக்கிறது. லண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவில் 1882-இல் பாறைத் தோட்டம் ஒன்று அமைந்தது. எடின்பரோவின் அரச தாவரவியல் பூங்காவில் உள்ள பாறைத் தோட்டமும் உலகப் புகழ் பெற்றது. இதற்கெனவே 1929-இல் ஆல்பைன் கார்டன் சொசைட்டி என்னும் சங்கமும், 1933-இல் ஸ்காட்லாந்தில் மற்றொரு சங்கமும் தோன்றின. நம் நாட்டில் பங்குனியும் சித்திரையுமாக இருக்கும் வேளையில் அங்கே வசந்தம் பிறக்கிறது. கொல்லைப்புறத்தில் சிறு கற்குவியல் ஒன்றை வைத்திருக்கும் குடும்பத்தார், எந்தச் செடி குளிர்காலத்தைக் கடந்து பிழைத்தது என்று காணக் காலையில் எழுந்ததும் அதன் முன்னே போய்க் குனிகின்றனர்.

பிழைத்ததா, மடிந்ததா என்னும் இந்தக் கேள்வியில்தான் இக்கலையின் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது.

பனிமலைச் செடி என்பது, மரங்கள் வளர இயலாத உயரத்துக்கு மேலே வாழும் செடி. ஆல்ப்ஸ், இமயம், ராக்கி முதலிய மலைகளில் மரங்களின் எல்லை முடிந்த பின்பு, நிரந்தரப் பனி தொடங்கும் முன்பு, இடைப்பட்ட பகுதியே அதன் வீடு. அங்கே காற்று வாள்போல் வீசும். வெயில் கூர்மையாக இருக்கும். மண் என்று சொல்லத் தக்கது மிகக் குறைவு. உடைந்த கல்லும் சிறிது மட்கும் மட்டுமே உண்டு. வளரவும் பூக்கவும் விதை கொடுக்கவும் கிடைப்பது ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களே.

இந்த வாழ்வுக்கு ஏற்ப அச்செடிகள் தம்மைச் சுருக்கிக்கொண்டுள்ளன. பல செடிகள் சிறு மெத்தைபோல் தரையோடு ஒட்டி வளர்கின்றன. அந்த மெத்தைக்குள் காற்று புகுவதில்லை. ஆகவே வெளிக்காற்றைவிட உள்ளே வெப்பம் கூடுதலாக இருக்கும். சில செடிகள் கம்பளி போர்த்தியதுபோல் இலைகளில் வெண்மயிர் கொண்டிருக்கும். மேலே இரண்டு அங்குலமே தெரியும் செடியின் வேர், கல்லிடுக்கு வழியே பல மடங்கு ஆழத்துக்கு இறங்கியிருக்கும். இவ்வாறு மெத்தையாக வளரும் மாஸ் கேம்பியன் என்னும் செடிகளுள் சில, 300 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்திருப்பதாகக் கணிக்கப்பட்டுள்ளது. பெரிய ஆலமரத்துக்குரிய ஆயுள் ஒரு தாம்பாள அளவுள்ள செடிக்கு வாய்த்திருக்கிறது.

இவ்வளவு கடுமையைத் தாங்கும் செடிக்கு, மிதமான குளிரும் நல்ல மண்ணும் உள்ள இங்கிலாந்து வீட்டுத் தோட்டம் சொர்க்கமாக அல்லவா இருக்க வேண்டும்? முதலில் வளர்த்தவர்கள் அப்படித்தான் எண்ணினர். கொழுத்த தோட்ட மண்ணில், சாணியுரம் இட்டு, நிழல் பார்த்து நட்டனர். செடிகள் மடிந்தன. குளிர் கொன்றது என்று எண்ணி இன்னும் பாதுகாப்பான இடத்தில் நட்டனர். அவை இன்னும் விரைவில் மடிந்தன.

காரணம் பின்னர் விளங்கியது. மலையில் பனி ஒரு போர்வை. வெளியே காற்று உறைநிலைக்கு எத்தனை பாகை கீழே இறங்கினாலும், கனத்த பனியின் அடியில் குளிர் ஓரளவோடு நின்றுவிடும். அங்கே ஈரம் சொட்டுவதில்லை; காற்று அடிப்பதில்லை; செடி முழு உறக்கத்தில் இருக்கும். இங்கிலாந்தின் சமவெளியில் அந்தப் போர்வை இல்லை. குளிர்காலம் முழுவதும் தூறல். ஒரு நாள் உறையும், மறுநாள் இளகும். உறங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் தவிக்கும் செடியின் கழுத்தில் ஈரம் தங்குகிறது. அங்கே அழுகல் தொடங்குகிறது. ஆக, பனிமலைச் செடியைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அன்று. தேங்கி நிற்கும் ஈரமே.

மற்றொரு செய்தி இன்னும் சிந்திக்கத் தக்கது. எடெல்வைஸ் என்பது ஆல்ப்ஸ் மலையின் புகழ்பெற்ற வெண்மலர். அதன் இனத்தைச் சேர்ந்தவை இமயத்திலும் உண்டு. கம்பளியால் செய்த நட்சத்திரம் போன்ற அதன் வெண்மைக்காகவே மக்கள் அதை நாடுவர். அச்செடியைக் கொழுத்த மண்ணில் நட்டு நிறைய உரமிட்டால் அது சாவதில்லை, நன்றாகவே வளரும். ஆனால் தண்டு நெட்டையாகித் தளரும்; வெண்மயிர் குறையும்; மலர் பச்சை கலந்து மங்கிப்போகும். எந்த அழகுக்காக அதைக் கொண்டுவந்தார்களோ, அந்த அழகு வசதியில் கரைந்துவிடுகிறது.

இந்த உண்மைகளை வீட்டுத் தோட்டக்காரருக்குப் புரியவைத்தவர்களுள் முதன்மையானவர் ரெஜினால்ட் ஃபாரர். 1880-இல் பிறந்த இவர், இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்ஷயர் மாவட்டத்துக் கிளாப்பம் கிராமத்தில் வளர்ந்தவர். சுண்ணாம்புப் பாறைகள் நிறைந்த அம்மலைப்பகுதியில் சிறுவயதிலேயே செடிகளைத் தேடி அலைந்தார். 1907-இல் தம் பாறைத் தோட்டம் பற்றி முதல் நூலையும், 1919-இல் இரண்டு தொகுதிகளாக ஒரு பெருநூலையும் வெளியிட்டார். கற்களைக் குவித்துவிட்டால் பாறைத் தோட்டம் ஆகிவிடும் என்று எண்ணியவர்களை அவர் எழுத்தில் கடுமையாக எள்ளி நகையாடினார். துப்பாக்கியில் மலைச்செடி விதைகளை நிரப்பி, எட்ட முடியாத பாறைச் சரிவை நோக்கிச் சுட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. சீனத்தின் கான்சு பகுதி வரை சென்று செடிகள் தேடிய அவர், 1920-இல் மேல் பர்மாவின் மலைகளில், மழைக்கும் தனிமைக்கும் நடுவே, நாற்பது வயதில் காலமானார். இலையுதிர் காலத்தில் வான்நீல நிறத்தில் பூக்கும் ஜெண்டியன் வகை ஒன்று இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

அவரும் அவர் வழிவந்தோரும் வகுத்த முறை எளியது. மலை எப்படியோ அப்படியே ஒரு சிறு இடத்தை அமைக்க வேண்டும். மர நிழலும் இலைச் சொட்டும் படாத திறந்த இடமே ஏற்றது. அடியில் உடைகல்லும் செங்கல் துண்டும் ஒரு சாண் கனத்துக்குப் பரப்புவர். அதன்மேல் தோட்ட மண் ஒரு பங்கு, மட்கிய இலை ஒரு பங்கு, கூரிய சரளை ஒன்று முதல் இரண்டு பங்கு என்று கலந்து மேடாக இடுவர். கற்களை மேலே வைப்பதில்லை. மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போகும்படி புதைப்பர். இயற்கைப் பாறையில் அடுக்கு வரிகள் ஒரே திசையில் ஓடுவது போலவே இங்கும் எல்லாக் கற்களின் வரியும் ஒரே திசையில் அமைய வேண்டும். கல்லின் மேல்முகம் சற்றே பின்புறம் சாய்ந்திருந்தால் மழைநீர் வேரை நோக்கிச் செல்லும். நட்டு முடித்த பின் ஓர் அங்குலக் கனத்துக்குச் சரளையைச் செடியின் கழுத்தைச் சுற்றிப் பரப்புவர். வேருக்கு ஈரம், கழுத்துக்கு உலர்வு. இதுவே இக்கலையின் மூலமந்திரம்.

பெரிய இடம் இல்லாதவர்க்குக் கல்தொட்டி போதும். முற்காலத்தில் பண்ணைகளில் கால்நடைக்குத் தண்ணீர் வைத்த தொட்டிகளும், சமையலறையில் பாத்திரம் கழுவிய பழைய கல்தொட்டிகளும் இதற்குப் பயன்பட்டன. அடியில் துளையிட்டு, நான்கு செங்கல் மேல் தூக்கி வைத்தால், முழங்கால் வலியுள்ள முதியவரும் குனியாமல் நின்றபடியே ஒரு மலையைப் பராமரிக்கலாம். இரண்டடி நீளத் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு செடிகள் பல்லாண்டு வாழும்.

வசந்தம் பிறந்ததும் செய்ய வேண்டிய பணிகள் சில உண்டு. குளிர்காலத் தூறல் படாதிருக்கச் சில மென்மயிர்ச் செடிகளின் மேல் ஒரு கண்ணாடிப் பலகையைக் கூரைபோல் வைத்திருப்பர். காற்று தடையின்றி வீச நாற்புறமும் திறந்தே இருக்கும். மழை தணிந்து இளவெயில் வந்ததும் முதலில் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும். அடுத்தது, செடிகளை விரலால் தொட்டுப் பார்ப்பது. இரவில் மண்ணிலுள்ள நீர் உறையும்போது விரிவடைந்து, சிறு செடிகளை வேரோடு மேலே தூக்கிவிடும். அப்படித் தூக்கியவற்றை இரு விரலால் மெல்ல அழுத்தி மீண்டும் மண்ணோடு பொருத்த வேண்டும். கவனியாது விட்டால் முதல் வறண்ட காற்றிலேயே வேர் காய்ந்துவிடும். மழையில் அடித்துச் செல்லப்பட்ட சரளைக்குப் பதில் புதுச் சரளை இட வேண்டும். காய்ந்த இலைகளையும் களைகளையும் நீக்க வேண்டும். இளமொட்டைத் தின்ன வரும் ஓடில்லா நத்தைகளை விளக்கு வைத்துத் தேடிப் பிடிப்பவரும் உண்டு.

நீர் பற்றிப் பலர் தவறாக எண்ணுவர். வறண்ட கல்லில் வாழும் செடிக்கு நீர் வேண்டா என்று கருதுவது பிழை. மலையில் வசந்தம் என்பது பனி உருகி நீர் ஓடும் காலம். அப்போது செடி நிறையக் குடிக்கிறது. ஆனால் அந்த நீர் நிற்பதில்லை. வேரைத் தொட்டுக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. தோட்டத்திலும் வசந்தத்தில் தாராளமாக நீர் விடலாம். அது வடிந்து போவதற்கு வழி இருக்க வேண்டும். உரம் மட்டும் கைகட்டி நிற்க வேண்டும்.

இப்பணிகளுக்குப் பலனாக மாசியின் இறுதி முதல் மலர்கள் வரிசையாக வருகின்றன. சாக்சிஃப்ரேஜ் என்னும் செடிகள் முந்திக்கொள்ளும். அப்பெயருக்கு லத்தீனில் கல்லை உடைப்பது என்று பொருள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இமயச் செடியை ஆயுர்வேதம் பாஷாணபேதம் என்று அழைக்கிறது. அதற்கும் கல்லை உடைப்பது என்பதே பொருள். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே பெயரைச் சூட்டியிருக்கின்றன. அடுத்து, உருண்டைப் பூங்கொத்தைத் தண்டின் நுனியில் ஏந்தி நிற்கும் ப்ரிமுலா டென்டிகுலேட்டா. இது இமயத்திலிருந்தே சென்றது. சித்திரை வாக்கில் கிண்ணம்போல் அகன்ற அடர்நீல ஜெண்டியன் மலரும். இது சற்றுப் பிடிவாதக்காரி. எல்லாம் செய்தும் பல ஆண்டு பூக்காமல் இருக்கும். ஒரு முழம் தள்ளி நட்டால் திடீரென்று பூத்துக் குலுங்கும். காரணம் கேட்டால் அனுபவசாலிகளும் சிரித்து மழுப்பிவிடுவர்.

இச்செடிகளின் விதைக்கும் தனிக் குணம் உண்டு. வெதுவெதுப்பான அறையில் வைத்தால் பல விதைகள் முளைப்பதில்லை. மார்கழி, தையில் சட்டியில் விதைத்து, சரளை மூடி, வெளியே பனியில் வைத்துவிட வேண்டும். குளிரை அனுபவித்த பிறகே விதைக்கு விழிப்பு வருகிறது. சில வசந்தத்தில் முளைக்கும். சில அந்த வசந்தத்தையும் விட்டுவிட்டு அடுத்த வசந்தத்தில் முளைக்கும். ஆகவே முளைக்கவில்லை என்று சட்டியைக் கொட்டிவிடக் கூடாது என்பது பழந்தோட்டக்காரர் புதியவருக்குக் கூறும் முதல் அறிவுரை. எழுபது வயதில் விதைத்து, முளைக்க இரண்டாண்டும் பூக்க மேலும் சில ஆண்டும் காத்திருப்பவர் அந்நாட்டில் உண்டு. தாம் காணாவிட்டால் வேறொருவர் காண்பார் என்ற தெளிவு இல்லாதவர்க்கு இத்தோட்டம் ஒத்துவராது.

விதைதான் நியாயமான வழி என்பதையும் அனுபவமே கற்பித்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆல்ப்ஸ் மலைக்குச் சென்ற பயணிகள் கண்ட செடிகளையெல்லாம் வேரோடு பெயர்த்து வந்தனர். பெரும்பாலானவை ஊர் வந்து சேர்ந்ததும் மடிந்தன. மலையும் வெறுமையாயிற்று, தோட்டமும் நிறையவில்லை. அந்நூற்றாண்டிலேயே எடெல்வைஸைப் பறிப்பதைத் தடுக்கச் சட்டங்கள் தோன்றின. இன்று நல்ல தோட்டக்காரர் எவரும் மலையில் செடியைப் பெயர்ப்பதில்லை. சங்கங்களின் வழியே விதைகளைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

நம் இமயத்துக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. 1931-இல் 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தை ஏறி முடித்துத் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் குழுவினர், மழைக்கிடையே ஒரு கணவாயைக் கடந்து பியுந்தர் பள்ளத்தாக்கில் இறங்கினர். கண்ணுக்கெட்டிய தூரம் மலர்களே நிறைந்திருந்தன. அந்தக் காட்சியை மறக்க இயலாத ஸ்மைத் 1937-இல் மீண்டும் வந்து தங்கி விதைகளைச் சேகரித்தார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூலால் அவ்விடம் பூக்களின் பள்ளத்தாக்கு என்று உலகெங்கும் அறியப்பட்டது. 1939-இல் தாவர ஆய்வுக்காக வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் அம்மையார், மலர் சேகரிக்கையில் பாறைச் சரிவில் கால் இடறி உயிரிழந்தார். அவர் சமாதி அப்பூக்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. 1982-இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆயிற்று. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. இப்போது ஜூன் முதல் அக்டோபர் வரை செல்வோர் பகலில் கண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

வேறு நாட்டார் சட்டம் இயற்றிக் காத்ததை, இமயத்து மக்கள் சம்பிரதாயத்தால் காத்து வந்தனர். கேதாரத்திலும் பத்ரியிலும் இறைவனுக்குச் சாத்தப்படும் பிரம்ம கமலம் ஆவணி, புரட்டாசியை ஒட்டி மலரும் உயர்மலைப் பூ. வெளிர்மஞ்சள் காகிதம்போன்ற மடல்கள் உள்ளிருக்கும் கருஞ்சிவப்புப் பூக்களைக் குளிரிலிருந்து கூடாரம்போல் மூடிக் காக்கும். நந்தாதேவியை வழிபடும் மக்கள், நந்தாஷ்டமி வருமுன் அதைப் பறிப்பது பாவம் என்று கருதினர். பறிக்கச் செல்வோர் விரதமிருந்து வெறுங்காலுடன் ஏறுவர். அந்நாள் வரை காத்திருந்தால் முன்னே மலர்ந்த பூக்கள் விதை முற்றி உதிர்த்திருக்கும்; மறு ஆண்டுக்கு வித்து நிலைக்கும். அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, சந்தைக்காகவும் பறிக்கப்படும் இடங்களில் அப்பூ இன்று அருகி வருகிறது.

சென்னையிலும் மதுரையிலும் மொட்டைமாடித் தொட்டிகளில் நள்ளிரவில் மலரும் வெண்பூவையும் பிரம்ம கமலம் என்றே அழைத்து, விளக்கேற்றிக் கும்பிடுகிறோம். அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த கள்ளியினம். பக்தியுடன் வணங்குவதில் குறை ஒன்றும் இல்லை. ஆயினும் கேதாரத்தின் மலர் அதுவன்று. அம்மலர் நம் வெப்பத்தில் ஒரு கோடைகூடத் தாங்காது. அதைக் காண விரும்புவோர் மலைக்கே செல்ல வேண்டும்.

ஆயினும் அந்தச் சரளைத் தோட்டத்தின் பாடம் எந்த ஊருக்கும் பொருந்தும். தினமும் இருவேளை அன்பாக ஊற்றிய நீராலேயே வேர் அழுகிய துளசியை நம் வீடுகளில் பார்த்திருப்போம். கொடுப்பவருக்குத் திருப்தி தருவது ஒன்று. பெறுவதற்கு வேண்டியது மற்றொன்று. முன்னதை அடக்கிப் பின்னதைக் கேட்டறிந்து செய்வதே பணிவிடை. பனிமலைச் செடியிடம் அதைக் கற்றவர்கள், செழிப்பைக் குறைத்துச் சரளையைக் கூட்டினர். மூடி வைப்பதை விட்டுக் காற்றுக்கு வழிவிட்டனர். அவசரத்தை விட்டு வசந்தத்துக்குக் காத்திருந்தனர்.

கேதாரத்தில் நடை திறக்கும் அதே நாட்களில், தொலைதூரத்து ஒரு கொல்லையில் இரண்டாம் ஆண்டுச் சட்டியின் சரளையைப் பிளந்துகொண்டு ஊசிமுனை அளவு பச்சை தெரியும். சட்டியைக் கொட்டாதிருந்த கைகளுக்கு அந்த வசந்தத்தில் அதுவே பிரசாதம்.